போகிறவர் காற்றைப் பார்க்கக்கூடாது

புதன்கிழமை மாலை ஆறு மணியானால் அந்தப் பல் கட்டும் பட்டறையில், பாதி முடிந்த பல்செட்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மேஜைமேல் கடல் வரைபடத்தை விரிப்பார்கள். மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க நாலு மூலையிலும் யாரோ ஒருவருடைய மேல்தாடையோ கீழ்த்தாடையோ உட்கார்ந்திருக்கும். பிளாஸ்டர் தாடைகள்தான். உரியவர்கள் அவரவர் வீட்டில் வெறும் ஈறோடு காத்திருப்பார்கள்.

பட்டறைக்காரருக்கு வயது ஐம்பத்து நாலு. முப்பது வருஷமாகப் பிறர் வாய்க்குள் போகிற பொருளைச் செய்கிறவர் என்பதாலோ என்னவோ, தம் வாயைக் குறைவாகவே திறப்பார். தூண்டில்காரர்கள் வட்டத்தில் அவருக்குக் கரையண்ணன் என்று பெயர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மற்ற நாலு பேரும் முப்பது மைல் தள்ளிப் போய் மீன் பிடிப்பார்கள்; இவர் கரையில் இருப்பார். ஆனால் அந்தப் பயணத்தை அடி முதல் நுனி வரை திட்டமிடுகிறவர் இவர்தான். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த இடத்தில் நங்கூரம் போடுவது, பெட்ரோல் எத்தனை லிட்டர், ஐஸ் எத்தனை கிலோ, யார் படகின் முன்பக்கம், யார் பின்பக்கம், எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் கடலோரக் காவலுக்குப் போன் செய்வது, எல்லாம் ஒரே தாளில் இரண்டு பக்கமாக, பல் டாக்டர்களுக்குக் குறிப்பெழுதும் அதே பொடி எழுத்தில் இருக்கும். கடலுக்குப் போகாதவர் எழுதிய தாள் கைக்கு வராமல் கடலுக்குப் போகிறவர்கள் கிளம்புவதில்லை.

அந்தத் தாளின் தலைப்பில், மாதாமாதம் மாறாமல், அடிக்கோடிட்ட ஒரு வரி இருக்கும்: போகிறவர் காற்றைப் பார்க்கக்கூடாது. போக ஆசைப்படுகிறவனுக்கு எந்த வானமும் நல்ல வானமாகத்தான் தெரியும். ஆகவே போகலாமா வேண்டாமா என்பதை வெள்ளிக்கிழமை மாலை, போகாத ஆள் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான். இரண்டு வானிலைத் தளங்களைப் பார்ப்பது, இரண்டில் மோசமானதை எடுத்துக்கொள்வது, காற்று மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டினால் படகு நகரக்கூடாது. பன்னிரண்டு வருஷமாக இந்தப் பஞ்சாயத்தில் ஒரு தீர்ப்பும் அப்பீலுக்குப் போனதில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கரையண்ணனும் ஒருமுறை போனார். எட்டாவது மைலில் வயிற்றில் இருந்ததையெல்லாம் கடலுக்குக் கொடுத்தார். பிறகு இல்லாததையும் கொடுக்க முயன்றார். படகின் சொந்தக்காரரான ஏ.சி. மெக்கானிக் ஒரு வார்த்தை பேசாமல் படகைத் திருப்பினார். கூட வந்த வாத்தியார் தண்ணீரில் வீசாமலே தூண்டிலை மறுபடி உறையில் போட்டார். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். யாரும் திட்டவில்லை. அடுத்த மாதம் கரையண்ணனே முந்திக்கொண்டு, "நான் கரையில இருந்து பாத்துக்கிறேன்" என்றார். அவர்கள் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்கள். அவ்வளவு பெருந்தன்மை, மறுபடி ஒருநாளும் அவரை வரச்சொல்லிக் கேட்கவில்லை.

கேட்கமாட்டார்களா என்று அவர் காத்திருந்தது யாருக்கும் தெரியாது. பல்செட்டுக்கு வாங்கும் ஈறு நிறப் பசையில் மிச்சமானதைக் கொண்டு சிறிய இரைமீன்கள் வார்ப்பார். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கடைவாய்ப்பல். சூரை மீனுக்கு இதைவிட நல்ல இரை கடையில் கிடையாது என்று மெக்கானிக் சத்தியம் செய்வார். தாம் செய்த மீன் தண்ணீருக்குள் எப்படி நீந்துகிறது என்பதைச் செய்தவர் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மீனைப் பங்கு போட வரும்போது, எத்தனை கிலோ என்று இவர் கேட்கமாட்டார். "தண்ணி எங்க நிறம் மாறிச்சு?" என்பார். இருபத்திரண்டாவது மைல் வாக்கில் அடித்தரை சரிந்து ஆழம் ஆரம்பிக்கிறது; அங்கே கோடு போட்டாற்போல் கடல் வேறு நிறமாகிவிடும் என்பது கேள்விஞானம். என்ன நிறம்? வாத்தியார் மசி என்றார். மருந்துக்கடைக்காரர், முன்காலத்தில் விஷ மருந்து அடைத்து வந்த நீலப் புட்டி என்றார். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மச்சான், மனைவியின் தம்பி, "ஒரு மாதிரி இருக்கும் மாமா" என்றான். நாலு பேர் பன்னிரண்டு வருஷம் சொன்னதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் உலகத்தில் இல்லாத ஒரு நிறம் வந்தது. அதைத்தான் அவர் பார்க்க ஏங்கினார்.

ஏங்கினால் மட்டும் போதுமா, வயிறு ஒத்துழைக்க வேண்டாமா என்று ஒன்றேகால் வருஷமாக ஞாயிறு காலைகளில் துறைமுகத்துப் பயணிப் படகில் ஏறி, அக்கரைக்கும் இக்கரைக்குமாக நாலு நடை போய்வந்தார். முதலில் நடுவில் உட்கார்ந்து, பிறகு ஓரத்தில் நின்று, கடைசியில் முன்முனையில் நின்று செய்தித்தாள் படிக்கிற அளவுக்குத் தேறினார். வீட்டில், நடக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். பிரசவ வார்டு நர்ஸான மனைவி அவர் சட்டைப்பையிலிருந்து கிழிந்த படகுச் சீட்டுகளை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுச் சட்டையைத் துவைத்தாள். சொல்லாததைக் கேட்கும் வழக்கம் அவளுக்கும் இல்லை.

அந்த மாதம் மருந்துக்கடைக்காரரால் வர முடியவில்லை. மகள் வீடு மாறுகிறாள். சாமான் தூக்க அப்பாவை விட்டால் ஆள் இல்லை. படகில் நாலாவது இடம் காலி. புதன்கிழமை தாடைகளைச் சுற்றி நின்று ஆள் தேடினார்கள். இரை விற்கிறவரைக் கூப்பிடலாம், ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் மீன் கூடக் கிளம்பிப் போய்விடும். வாத்தியாரின் தம்பி பாடுவார். மச்சானிடம் கார் கற்றுக்கொள்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் படகையும் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுவார் என்று மச்சானே தள்ளுபடி செய்தான். கரையண்ணன் எல்லாப் பெயர்களையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு தாளை எடுத்து மெக்கானிக்கிடம் நீட்டினார்.

மெக்கானிக் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"அண்ணே, நாலாவது கட்டத்துல உங்க பேரு தப்பா விழுந்திருக்கு."

"தப்பா விழல தம்பி."

மெக்கானிக் ஒரு கீழ்த்தாடையை எடுத்து, அது ஏதோ பழுதான உதிரிப் பாகம் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான் நாங்க கேக்கல."

"கேக்கலேன்னுதான் எனக்குச் சங்கடமா இருந்துச்சு."

பன்னிரண்டு வருஷத்தை இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொண்டார்கள். இதையே முதல் வருஷம் பேசியிருந்தால் ஒரு மனிதர் இத்தனை தாள் எழுதியிருக்க வேண்டாம். ஆனால் தாளும் இத்தனை நன்றாக வந்திருக்காது.

கரையில் யார் என்ற கேள்வி வந்தது. மெக்கானிக்கின் மனைவி, கரையண்ணன் கையில் தாள் இருந்தால்தான் கணவரைக் கடலுக்கு அனுப்புகிறவள். அந்த வேலையைத் தன் மனைவி பார்த்துக்கொள்வாள் என்று கரையண்ணன் சொல்ல, நர்ஸ் என்ற ஒரே காரணத்தால் அது ஏற்கப்பட்டது. வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி, "காத்து எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க படிங்க, முடிவை நான் சொல்றேன்" என்றாள். பெருக்கித் துடைத்த நியாயம்தான். அதில் ஓர் ஓட்டை இருப்பது வெள்ளிக்கிழமை வரை தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை கரையண்ணனின் பை கதவருகில் தயாராக நின்றது. தொப்பி, குமட்டல் மாத்திரை, ஈறு நிறத்தில் இரண்டு இரைமீன். மனைவி இரவு டூட்டிக்கு வெள்ளைச் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கணினியைத் திறந்தார். முதல் தளம் இருபத்திரண்டு என்றது. இரண்டாவது தளம் இருபத்தெட்டு என்றது.

மற்ற மாதமாக இருந்தால் அந்த இடத்தில் கணினியை மூடியிருப்பார். இன்று மூன்றாவதாக ஒரு தளத்தைத் திறந்தார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் எட்டிப்பார்க்காத தளம். அது பத்தொன்பது என்றது. அவருக்கு அதன்மேல் உடனே மரியாதை வந்தது. நாலாவதில் எண்ணே இல்லை. ஒரு சூரியன் மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. நல்ல வேலைப்பாடு.

"எத்தனை பேர்கிட்டதான் கேப்பீங்க?" என்றாள் மனைவி, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு.

"இது புதுசு. ரொம்பத் துல்லியமா இருக்கும்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

அந்தத் தளமேதான் சொல்லியிருந்தது. அவர் பேச்சை அடுத்த எண்ணுக்குத் திருப்பினார். இரண்டாவது தளம் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும், இருபத்தெட்டு என்றால் உண்மையில் இருபத்தைந்துதான் இருக்கும், இருபத்தைந்து என்றால் தாண்டவில்லை, தொட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று விளக்கினார். விளக்கம் கேட்கக் கேட்க நன்றாகவே இருந்தது. மனைவி முழுக்கக் கேட்டாள். வலி எடுத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு முதல் பிரசவத்துக்கு வந்து நிற்கிறவர்களை இருபத்தைந்து வருஷமாகத் திருப்பி அனுப்பிய பொறுமை அது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நாளைக்கு நீங்க போகலேன்னு வெச்சுக்குவோம். முதல் ரெண்டு நம்பரைப் பாத்துட்டு என் தம்பிகிட்ட என்ன சொல்லியிருப்பீங்க?"

கரையண்ணன் கதவருகிலிருந்த பையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். சூரியன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

"வேண்டாம்னு."

"அப்போ வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவள் சேலையின் மறுபாதியை விரித்தாள்.

மெக்கானிக்குக்குப் போன் செய்தார். "சரி அண்ணே" என்றார் அவர். அவ்வளவுதான். ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருந்தால் இவர் இளகியிருப்பார்.

சனிக்கிழமை காலை மரத்தில் ஓர் இலை அசையவில்லை. கரையண்ணன் படகுத்துறைக்குப் போனார். கத்தியால் வழித்துச் சமன் செய்த பிளாஸ்டர் போலக் கடல் கிடந்தது. அங்கே மெக்கானிக் இருந்தார். என்ஜின் ஆயில் பார்க்க வந்தாராம். வாத்தியார் நடைப்பயிற்சிக்கு வந்தாராம். மச்சான் ஏன் வந்தான் என்று சொல்லத் தெரியாமல் நின்றான். மூன்று பேர் தலையிலும் மீன்பிடித் தொப்பி.

"காத்து கொஞ்சம் லேட்டா வரும்போல மாமா" என்றான் மச்சான், ஆறுதலாக.

மாலை நாலு மணிக்கு வந்தது. ஈரத்துணி உலர்கிற அளவுக்கு.

அதற்கு முன்பே, துறையில் வைத்து, மெக்கானிக் இன்னொரு செய்தியும் சொன்னார். "ராத்திரி என் பொண்டாட்டிகிட்ட சொன்னேண்ணே. தான் போறதா இருந்தும் வேண்டாம்னு சொன்ன மனுஷனாச்சேங்கிறா. இனிமே உங்களைக் கரையை விட்டு நகர விடக்கூடாதாம். விட்டா என்னை அனுப்பமாட்டாளாம்." பெருமையாகத்தான் சொன்னார். இத்தனை பெரிய பாராட்டு கரையண்ணனுக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. இத்தனை பெரிய தண்டனையும் கிடைத்ததில்லை. தலையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தார்.

அடுத்த புதன்கிழமை, தள்ளிப்போன பயணத்துக்கு, வழக்கமான நாலு பேரை வைத்துத் தாள் எழுதி வைத்திருந்தார். மற்றவர்கள் வருவதற்கு முன்பே மருந்துக்கடைக்காரர் வந்தார். நடந்ததையெல்லாம் கேள்விப்பட்டிருந்தார்.

"அண்ணே, பீரோ தூக்கினதுல இடுப்பு பிடிச்சுக்கிச்சு. ரெண்டு மாசம் படகே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். தாளை என்கிட்ட குடுங்க, நான் கரையில இருக்கேன். மெக்கானிக் வீட்டுல நானே பேசிட்டேன். மருந்துக்கடைக்காரன்னா நம்புவாங்க."

அன்று காலைதான் கரையண்ணன் அவர் கடையில், ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து இருமல் மருந்து எடுத்து, அணில் மாதிரி இறங்கி வந்ததைப் பார்த்திருந்தார். இந்த வட்டத்தில் பெருந்தன்மை எப்போதும் வாயை மூடிக்கொண்டுதான் வரும் போலிருக்கிறது. தாளை எடுத்து ஒரு பெயரை அடித்து இன்னொன்றை எழுதினார். உடனே கொடுக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் உங்களுக்குப் போன் பண்ணுவேன். காத்து நல்லாதான் இருக்குன்னு சொல்லுவேன். காரணமெல்லாம் சொல்லுவேன். நம்பாதீங்க."

"நீங்க சொல்லி நான் எப்படி அண்ணே நம்பாம இருக்கிறது?"

"கெஞ்சினாலும் நம்பாதீங்க."

அந்த வெள்ளிக்கிழமை மாலை அவர் மூன்று முறை போன் செய்தார். மூன்று முறையும் மருந்துக்கடைக்காரர், "இன்னும் பாத்துக்கிட்டிருக்கேன் அண்ணே" என்றார்.