செங்கம் ரோட்டில் ஒரு டிரா

ஆசிரமத்துக்கு எதிரே, பாய் கடையில் டீ குடிக்கிறேன். டிரான்சிஸ்டரில் சேப்பாக்கம் டெஸ்ட்டின் ஐந்தாம் நாள். பக்கத்து பெஞ்சில் ஓர் அமெரிக்கரும் ஓர் இங்கிலாந்துக்காரரும். இங்கிலாந்துக்காரரின் கழுத்தில் சிலேட்டு தொங்குகிறது. ஒரு வருஷமாக மௌன விரதமாம், பாய்தான் சொன்னார்.

ஆட்டம் டிரா என்கிறார் பாய்.

“ஐந்து நாள் ஆடியும் யாரும் ஜெயிக்கவில்லையா?” அமெரிக்கர் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். எனக்கும் சிரிப்பு வருகிறது.

இங்கிலாந்துக்காரர் சிலேட்டில் எழுதி நீட்டுகிறார்: ‘உங்கள் பேஸ்பாலை எங்கள் ஊரில் சின்னப் பெண்கள் ஆடுவார்கள்.’

“அவர்களாவது ஓடுவார்கள். கிரிக்கெட்டில் நின்றுகொண்டே தூங்குகிறீர்கள்.”

“வாயை மூடு!”

கத்தியது இங்கிலாந்துக்காரர். எழுந்து நிற்கிறார். கரகரத்த அந்தக் குரலில் கடையே உறைந்துபோகிறது. அவரே தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொள்கிறார். பிறகு விறுவிறுவென்று ரோட்டைக் கடந்து போகிறார்.

அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பாய் கவனிக்கவே இல்லை.

“போன மாசம் அவங்கம்மா செத்துட்டாங்கன்னு தந்தி வந்துச்சுங்க,” என்கிறார் என்னிடம். “அன்னிக்குக்கூட, டீ வேணாம்னு சிலேட்டுலதான் எழுதிக் காட்டினாரு.”