கம்பத்துத் திராட்சையும் துடைத்த கரும்பலகையும்

கொடியில் தொங்கும் திராட்சையை மகள் பார்த்ததில்லை. அதற்காகவே 2008 மே மாதம் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போனோம். தேனியில் காலை ஏழு மணிக்கு வாடகைக் கார்; நாள் முழுக்க 1,100 ரூபாய். வழியில் வீரபாண்டிக் கோயில் திருவிழாக் கூட்டத்தில் அரை மணி நேரம் போனது. கம்பத்திலிருந்து ஏழு கிலோமீட்டரில் ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள்.

அந்த ஊர் விவசாயிகள் சங்கத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. யார் தோட்டத்தில் என்றைக்கு என்ன பூச்சிமருந்து அடித்தார்கள் என்று சங்கத்துக் கரும்பலகையில் எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பழத்தில் கை வைப்பார்கள். கம்பெனிக்குச் செயல்முறைக் கையேடு எழுதிப் பிழைக்கிற நான் சொக்கிப்போனேன். அன்று பலகையில் திருவிழா பஸ் நேரம் மட்டும் இருந்தது.

"போர்டுல எந்தத் தோட்டமும் இல்ல. தாராளமாப் பறிச்சுக்கங்க," என்றார் நாங்கள் போன தோட்டத்தின் பகல் காவல்காரர் கருப்பையா.

மகள் கொத்தை வாயருகே கொண்டுபோனாள். தோட்டக்காரரின் மனைவி ராசாத்தி ஓடி வந்து அதைத் தட்டிவிட்டார்.

"திங்காத ஆத்தா. நேத்துப் பொழுதுசாயத்தான் மருந்தடிச்சாக. போர்டுலயும் எழுதிட்டுத்தான் வந்தாக."

பஸ் நேரம் எழுத இடம் போதாமல், விடிகாலையில் யாரோ மொத்தப் பலகையையும் துடைத்திருக்கிறார்கள். மகளின் கைகளைக் கழுவிவிட்டேன். கருப்பையா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"காலையிலருந்து நாலு கொத்து தின்னுட்டேனே," என்றார்.

ராசாத்தியையும் ஏற்றிக்கொண்டு எங்கள் காரிலேயே கம்பம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இருபது நிமிடம். வழியிலேயே அவருக்கு வாந்தி. என்ன மருந்து என்று டாக்டர் கேட்டார். அந்தப் பெயரும் பலகையிலிருந்து அழிந்துபோயிருந்தது. ராசாத்தியின் கணவர் வீரபாண்டித் திருவிழாவில், செல்போனை எடுக்கவில்லை.

"முன்னல்லாம் மருந்தடிச்சா வீடு வீடாச் சொல்லிட்டு வருவாக. போர்டு வந்தபெறகு யாரும் வாயத் தொறக்கிறதில்ல," என்று அழுதார் ராசாத்தி. பிறகு அவரே மருந்து வாங்கிய கடையைத் தேடி ஓடி, பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிவந்தார். அதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. மாலையில்தான் டாக்டர் பயமில்லை என்றார். எழுதிவைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று இத்தனை வருடம் நினைத்திருந்த எனக்கு வெட்கமாக இருந்தது.

போகிறவர்களுக்கு: தோட்டக்காரரை நேரில் கேட்காமல் ஒரு பழமும் வாயில் போடாதீர்கள். கம்பத்தில் லாட்ஜ் அறை 250 ரூபாய்க்குக் கிடைக்கும். நாங்கள் அன்று தங்கி, மறுநாள் கருப்பையாவை ஊரில் இறக்கிவிட்டோம்.

சங்கத்தில் உடனே நடவடிக்கை எடுத்திருந்தார்கள். பலகையின் உச்சியில், கொட்டை எழுத்தில், 'இதை யாரும் அழிக்கக் கூடாது' என்று இருந்தது. சாக்பீஸால் எழுதியிருந்தார்கள்.