ஹலினாவின் இங்கிலீஷ்

சிகாகோவில் மில்வாக்கி அவென்யூவில் இருந்த போலந்துச் சாப்பாட்டுக் கடையில் ஹலினா வ்ரோனா வேலை பார்த்தாள். மாவைத் தேய்த்து, உருளைக்கிழங்கு வைத்து மூடி, பியெரோகி வேகவைக்கும் வேலை. இங்கிலீஷ் அவளுக்கு அந்தக் கடையில் நின்றே வந்தது. வந்ததில், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டும் 'எ'யும் (a) 'த'வும் (the) இல்லை. போலிஷில் அப்படி எதுவும் கிடையாது. ரொட்டி என்றால் ரொட்டிதான்.

ஒருநாள் ஒரு வாடிக்கைக்காரி, மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். திருத்தமாகப் பேசலாமே என்று 'எ'யைச் சேர்த்து, 'எ சிக்கன்' என்றாள் ஹலினா.

"முழுக் கோழியையுமா முழுங்கின?" என்று கடையே சிரித்தது. அன்றோடு 'எ'யை விட்டுவிட்டாள்.

"விடு ஹலின்கா" என்றான் கூரை வேலை செய்யும் அவள் புருஷன் ஸ்பிக்னியெவ். "அதெல்லாம் சட்டையில ஒட்டுற பஞ்சு. தட்டிவிட்டாப் போகுது."

தவக்காலத் தொடக்கத்தில் அவனுக்குக் கணையத்தில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியில் போலிஷ் தெரிந்தவரை வரவழைக்கட்டுமா என்று கேட்டார்கள். ஹலினா வேண்டாம் என்றாள். இத்தனை காலம் இந்த ஊரில் இருந்துவிட்டு ஆள் கேட்பதா? டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார்: "தேர் இஸ் லிட்டில் ஹோப்."

போலந்திலிருந்து மகள் தனுதா போன் செய்தாள். "இப்பவே கிளம்பட்டுமாம்மா? இல்ல, ஈஸ்டர் லீவுல வந்தாப் போதுமா?"

"கொஞ்சம் நம்பிக்கை இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டார். ஈஸ்டருக்கே வா. அதுக்குள்ள அப்பா எழுந்து உட்கார்ந்துடுவார்."

ஈஸ்டருக்கு முந்தின வாரம் அவன் போய்விட்டான். தனுதா அடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தாள்.

வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, கோப்பைகளைக் கழுவிக்கொண்டே மகள் கேட்டாள். "டாக்டர் என்னதான் சொன்னார்? அவர் சொன்ன மாதிரியே சொல்லு."

ஹலினா சொன்னாள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்த தனுதாவின் கை நின்றது.

"'லிட்டில் ஹோப்'னாரா, 'எ லிட்டில் ஹோப்'னாரா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லம்மா. 'எ' இருந்தா, கொஞ்சம் நம்பிக்கை இருக்குன்னு. இல்லேன்னா..." தனுதா குழாயை மூடினாள். "இல்லேன்னா, நம்பிக்கை வைக்காதீங்கன்னு. நீ எப்பவும் 'எ'யை விட்டுட்டுத்தானே பேசுவ. அவர் 'எ' சொன்னாரா?"

டாக்டரின் குரல் ஹலினாவின் காதில் அப்படியே இருந்தது. அதில் 'எ' இல்லை.

"சொன்னார்" என்றாள்.

தனுதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப டாக்டர்தாம்மா தப்பாச் சொல்லிட்டார். நீ என்ன பண்ணுவ."

ஹலினா துணியை எடுத்துக் கோப்பைகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.