படத்தில் உள்ளவாறே நிரப்பவும்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம். சோற்றில் கை வைத்த நேரம் போனில் ஒரு மெசேஜ். ‘படகு திரும்பவில்லை. நேரம் கடந்து ஒரு மணித்தியாலம். ஆட்கள் மூன்று பேர்.’

எனக்கு ஏது படகு? பாலையூற்றில் என் வீட்டு முற்றத்தில் ஒரு பழைய சைக்கிள் நிற்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த வசனம் எனக்குத் தெரியும். நானே எழுதியது.

சில மாதங்களுக்கு முன் கஜன் என்ற தம்பியும் நண்பர்களும் மீனவர் சங்கங்களுக்காக ஒரு மென்பொருள் செய்தார்கள் – வேலை முடிந்த மிச்ச நேரத்தில், சம்பளமில்லாமல். படகு புறப்படும்போது சங்கச் செயலாளர் அதைப் பதிவார். திரும்பியதும் படகுக்காரர் போனில் ஒரு பொத்தானை அழுத்துவார்; சொன்ன நேரத்துக்கு அது நடக்காவிட்டால் அவர் வீட்டுக்குத் தானாக மெசேஜ் போகும்.

“ஸ்கிரீனில ஒருத்தரும் வாசிக்க மாட்டினம் அக்கா. கையில பிடிக்கிற மாதிரி ஒரு புத்தகம் வேணும்” என்றார் கஜன். வாராவாரம் பத்தி எழுதுகிறவளுக்கு ஒரு கையேடு பெரிய வேலையா? படங்களெல்லாம் போட்டு எழுதினேன். வீட்டுக்குப் போகும் மெசேஜின் வசனத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன். அச்சடித்து மூதூர்ச் சங்கத்துக்குக் கொடுத்தோம்.

கஜனுக்குப் போன் எடுத்தேன். “டெஸ்ட் ஏதும் செய்யிறீங்களா தம்பி?”

“இல்லையே...” கீபோர்ட் தட்டுகிற சத்தம். பிறகு, “அக்கா, மூதூரில பதிஞ்ச எல்லாப் படகுக்கும் உங்கட நம்பர்தான் இருக்கு.”

அப்போதுதான் நினைவு வந்தது. மாதிரிப் பக்கத்துக்கு ஒரு போன் இலக்கம் தேவைப்பட்டது. மெசேஜ் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க என்னுடையதையே போட்டேன். அதைப் படமாக எடுத்துப் புத்தகத்தில் சேர்த்தேன். கீழே ஒரு வரியும் எழுதினேன்: ‘படத்தில் உள்ளவாறே நிரப்பவும்.’

நான் போன் எடுத்தபோது மூதூர்ச் சங்கச் செயலாளர் நௌபர் தோப்பூரில் ஒரு கலியாண வீட்டில் நின்றார்.

“ஓம் மிஸ், புத்தகத்தில இருந்த மாதிரியே போட்டன். அது ஒஃபிஸ் நம்பர் எண்டு நினைச்சன். ஒண்டும் மாத்தல்ல.”

அவரில் என்ன பிழை? சொன்னதைச் சொன்னபடி செய்தார். ‘பதிந்த பின் நீங்கள் வேறு வேலைகளைப் பார்க்கலாம்’ என்று எழுதியதும் நான்தான்.

வெளியே கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. எஞ்சின் நின்ற படகை அது எந்தப் பக்கம் கொண்டுபோகும்? கடலில் மூன்று பேர். அவர்கள் திரும்பவில்லை என்ற செய்தி வந்து சேர்ந்த ஒரே ஆள் நான் – நீந்தவே தெரியாதவள்.

நௌபர் பந்தியை விட்டுவிட்டுக் கரைக்கு ஓடினார். இரண்டு படகுகள் தேடிப் போயின. நான் போனை மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். கமா, முற்றுப்புள்ளியெல்லாம் மூன்று தரம் சரிபார்த்தேனே... அந்த இலக்கம் மட்டும் ஏன் கண்ணில் படவில்லை?

நாலு மணிக்கு நௌபர் எடுத்தார். “கிடைச்சிட்டாங்க மிஸ். எஞ்சின் பழுது. கட்டி இழுத்துக்கொண்டு வாறாங்க.”

அழுதுவிட்டேன். வெட்கப்படாமல் சொல்கிறேன்.

வியாழக்கிழமை, அந்த இலக்கத்தின் மேல் ஒட்டுவதற்கு ஸ்டிக்கர்களோடு மூதூருக்கு பஸ் ஏறினேன். படகுக்காரரின் மனைவி ரஹீமாவையும் பார்க்கப் போனேன். நல்லாக ஏசுவார், வாங்கிக்கொள்வோம் என்றுதான் போனேன். அவர் ஏசவில்லை. தேத்தண்ணீர் தந்தார்.

“முந்தியெண்டா பதினொரு மணிக்கே கரையில போய் நிப்பன் மிஸ். கொஞ்சம் சுணங்கினாலும் சத்தம் போட்டு ஆள் அனுப்புவன். இப்ப மெசேஜ் வரும்தானே எண்டு வீட்ட இருந்தன். வரல்ல. அப்ப எல்லாம் நல்லம் எண்டு படுத்துட்டன். நௌபர் வந்து கதவத் தட்டினப்பதான் எழும்பினன்.”

தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். கடலில் மனிதர் தவிக்கும்போது கரையில் ஒரு பெண்ணைத் தூங்க வைத்திருக்கிறேன். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று பக்கம் பக்கமாக எழுதியவள், எதை நம்பிவிடக்கூடாது என்று ஒரு வரி எழுதினேனா?

இரண்டாம் பதிப்பு இப்போது அச்சகத்தில். முதல் பக்கத்தைப் பார்த்த கஜனுக்குக் கொஞ்சம் மனவருத்தம். தங்கள் மென்பொருளைத் தாங்களே நம்பவில்லை என்பது போல இருக்கிறதாம். இருக்கட்டும். படம் இல்லை, அம்புக்குறி இல்லை, பெரிய எழுத்தில் ஒரே வரி:

‘மெசேஜ் வராவிட்டாலும் கரைக்குப் போய்ப் பாருங்கள்.’