வீட்டுக்கு ஒரு ஆள்

எங்கள் ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது ஒரே விஷயம்தான். ரத்தம் எடுக்கும்போது ஆளின் பெயரை நீ சொல்லாதே, அவர் வாயால் சொல்ல வை. "நீங்கதானே இன்னார்?" என்று கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். காது கேட்காதவர் சொல்வார், பயந்தவர் சொல்வார், வேறு யோசனையில் இருப்பவரும் சொல்வார். இதில் ஒரு தடவை தவறிய ஒருத்தியை எல்லோர் முன்னாலும் வைத்து ஏசியிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் எனக்குப் 'பெயர்ப் பைத்தியம்' என்று பட்டமாம். இருக்கட்டும். பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

நான் கண்டி மஹய்யாவக்காரி. அப்பா நகரத்து வீதிகளைக் கூட்டினார். அவருக்கு இழுப்பு வந்த காலைகளில் அம்மா விளக்குமாறைத் தூக்கிக்கொண்டு போவார். மேற்பார்வையாளர் அப்பாவின் பெயரை வாசிப்பார், அம்மா கை தூக்குவார், வரவு விழும். அதில் யாருக்கும் பொய் தெரியவில்லை. வேலை நடந்தது, வீட்டிலிருந்து ஒரு ஆள் வந்தது, அவ்வளவுதான். சாவு வீட்டுக்கு, கோயில் வேலைக்கு, சிரமதானத்துக்கு எல்லாவற்றுக்கும் எங்கள் ஆட்களிடம் அதே முறைதான்: வீட்டுக்கு ஒரு ஆள். இதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். கம்பஸ் போய், பட்டம் வாங்கி, வெள்ளைக் கோட்டு மாட்டியதும் மறந்துபோனேன்.

நான் தேடிக்கொண்டிருந்தது பம்பாய் வகை என்று சொல்லப்படும் ஒரு ரத்தத்தை. ஏ, பி, ஓ எல்லாமே ஒரே அத்திவாரத்தில் எழும்புகிறவை. ஓ என்பது அத்திவாரத்தோடு நின்றுவிட்ட வீடு. இந்த ஆட்களுக்கு அந்த அத்திவாரமே இல்லை. சாதாரணச் சோதனையில் ஓ மாதிரித்தான் தெரிவார்கள், கிளினிக் கொப்பியிலும் ஓ என்றுதான் எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் ஓ ரத்தத்தை ஏற்றினால் அவர்கள் உடம்பிலுள்ள பிறபொருளெதிரிகள் அதை அந்நியமென்று அடித்து நொறுக்கும், ஆளே போய்விடலாம். அவர்களைப் போன்ற இன்னொருவரின் ரத்தம் மட்டும்தான் சேரும். சொந்தத்துக்குள் கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் இது அபூர்வமாகத் தலைகாட்டும். எங்கள் முன்னோர் கப்பலேறி வந்த தென்னிந்தியப் பக்கத்தில் உண்டு, அப்படியானால் தேயிலைத் தோட்டங்களிலும் இருந்தாக வேண்டும் என்பது என் கட்சி.

சோதனைக்கு வேண்டிய மருந்து வெளிநாட்டுச் சரக்கு. அதை எடுப்பிக்க வழியில்லாததால், நுவரெலியா மேட்டுப் பக்கம் மண்டிக்கிடக்கும் மஞ்சள் பூ முட்செடியின் விதையை ஊறவைத்து அரைத்து நானே சாறு எடுத்தேன். அதில் ஒரு துளி விட்டால் ஓ ரத்தம் பால் திரிந்ததுபோலத் திரியும். பம்பாய் வகை திரியாது. அந்தச் சாறு சரியாக வந்த நாளில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமில்லை.

ஹுன்னஸ்கிரிய பக்கத்தில் ஒரு தோட்டம். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் மேசை போட்டு உட்கார்ந்தோம். வெளியே மழை, உள்ளே குழந்தைகளின் அழுகை. பத்து மணிக்குள் ஆட்களை மலைக்கு விட்டுவிட வேண்டும் என்று கங்காணி வாசலிலேயே நின்று அவசரப்படுத்தினார். தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் தொழிலாளர் லிஸ்ட் ஒன்று தந்திருந்தார். நான் அதைப் பார்த்துப் பெயரை வாசித்தேன். ஆள் வந்து உட்காரும், கையை நீட்டும், அடுத்தது. ஒரு பெண் வந்தாள், இருபது வயதுக்குள்தான் இருக்கும், சிரித்த முகம். பெயரை வாசித்து "நீங்கதானே?" என்றேன். "ஆமாங்க மிஸ்" என்றாள். விரலில் சிவப்பு நகச்சாயம் பூசியிருந்தாள். "நகம் வடிவா இருக்கே" என்றுகூடச் சொன்னேன். கொழுந்து பறிக்கிற விரலில் கறுப்புக் கறை ஏறியிருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இந்த விரலில் கறையே இல்லை. பார்த்தேன், பாராட்டினேன், ஊசியைக் குத்தினேன். புத்தி எங்கேயோ போயிருந்தது.

ஆய்வுகூடத்தில் அந்தக் குப்பியின் ரத்தம் திரியவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன், திரியவில்லை. அதற்கு முன் வேறு இரண்டு தோட்டங்களில் ஆளுக்கொருவரைக் கண்டுபிடித்திருந்தேன். இவள் மூன்றாவது. வழமைப்படி இரண்டாவது தடவை ஆளை நேரில் பார்த்து ரத்தம் எடுத்து உறுதிசெய்ய வேண்டும். அது பெட்ரோல் கியூ காலம், வாகனம் கிடையாது. பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, ஒரு அட்டையில் என் கையாலேயே எழுதி, லிஸ்டில் இருந்த அந்தப் பெயருக்குத் தபாலில் போட்டேன். உங்களுடையது அபூர்வ ரத்தம், சத்திரசிகிச்சை என்றால் இந்த அட்டையைக் காட்டுங்கள், கர்ப்பமானால் உடனே எங்களுக்குச் சொல்லுங்கள். சொன்னால், பிள்ளைப்பேற்றுக்கு முந்திய வாரங்களில் அவர்களுடைய ரத்தத்தையே எடுத்து அவர்களுக்காகச் சேமித்துவைக்கலாம். வேறு ஆளைத் தேட வேண்டியதில்லை. 'பிறகு பார்க்கலாம்' என்றது மூன்று வருடம் ஓடிவிட்டது.

போன வருடம் ஒரு காலையில் கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. முதல் பிள்ளை, வயிற்றை வெட்டி எடுத்திருக்கிறார்கள், தாய்க்கு ரத்தப்போக்கு. ஓ என்று எழுதியிருக்கிறது, ஆனால் எந்த ஓ ரத்தமும் அவளுக்குச் சேரவில்லை. மாதிரியைக் கொண்டுவந்தார்கள். பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது, பம்பாய் வகை. ரத்தப்போக்கை நிறுத்திவிட்டார்கள். போன ரத்தத்தை ஈடுசெய்யத்தான் ஒன்றுமில்லை. சேலைன் ஏற்ற ஏற்ற, உடம்பில் மிஞ்சியிருந்ததும் தண்ணீராகிக்கொண்டிருந்தது. கொழும்பில் கேட்டார்கள், இல்லை. இந்தியாவிலிருந்து எடுப்பிக்க நாட்கள் வேண்டும். கூடப்பிறந்த அண்ணன் கையை நீட்டினார், அவர் ரத்தம் திரிந்தது. தாய் தகப்பன் உயிரோடு இல்லை. புருஷன் கொழும்பில் கட்டட வேலை, பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

அபூர்வ ரத்தக்காரர்களைக் குறித்துவைத்திருந்த என் லிஸ்டை எடுத்தேன். முதல் ஆள், ஒரு கிழவர், செத்துவிட்டார். இரண்டாம் ஆள் குவைத்தில். மூன்றாவது அந்த ஹுன்னஸ்கிரிய பெண். நோயாளியும் அதே தோட்டம். நலன்புரி உத்தியோகத்தருக்குப் போன் போட்டு, ஆளை உடனே வண்டி பிடித்து அனுப்புங்கள் என்றேன். "அவங்க இங்க இல்லையே மிஸ். புருஷனோட தங்கச்சிக்குப் பிள்ளைப்பேறுன்னு நேத்தே கண்டிக்குப் போயிட்டாங்க" என்றார்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, அதுதான். நோயாளியின் அண்ணிதான் என் லிஸ்டில் இருந்த பெண். வெறும் அண்ணியும் இல்லை, நோயாளிக்குத் தாய்மாமன் மகள். சொந்தத்துக்குள் கட்டிய குடும்பம், இருவருக்கும் ஒரே அபூர்வ ரத்தம் இருப்பதில் அதிசயம் என்ன? எல்லாம் பொருந்தி வந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

வார்டுக்கு வெளியே மர வாங்கில் பிளாஸ்க்கும் தலையணைப் பையுமாக அண்ணி உட்கார்ந்திருந்தார். பெயரைக் கேட்டேன், அவராகவே சொன்னார். இந்த முறை சரியாகத்தான் கேட்டேன், மூன்று வருடத்துக்கு முன் பார்த்த முகம்தான் நினைவில் இல்லை. "உங்க ரத்தம் இவங்களுக்குச் சேரும்" என்றதும் அவர் சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினார். ஒத்துப்பார்க்க முதலில் ஒரு குப்பி எடுத்துக்கொண்டேன். போகிற வழியில் நோயாளியையும் எட்டிப் பார்த்தேன். உதடு, நகம் எல்லாம் வெளுத்துப்போய்க் கிடந்தாள். "ஆள் கிடைச்சிருச்சு. அண்ணியோட ரத்தத்த ஏத்தினா சரியாயிரும், என்ன?" என்றேன். "ஆமாங்க மிஸ்" என்றாள். அந்தக் குரலை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அண்ணியின் ரத்தம் திரிந்தது. சாறு கெட்டுவிட்டது என்று புதுச் சாறு எடுத்தேன். திரிந்தது. கண்ணாடியைக் கழுவி, கையைக் கழுவி, மூன்றாம் தடவை பார்த்தேன். நாட்டில் பாதிப் பேருக்கு இருக்கிற சாதாரண ஓ ரத்தம்.

திரும்பிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோபம் கோபமாக வந்தது. தோட்டத்துக்கு நாங்கள் வந்த அன்று நீங்கள்தானே ரத்தம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"அன்னைக்கு நான் வரலீங்க மிஸ்" என்றார். "எனக்கு அப்பதான் கரு கலைஞ்சு படுத்திருந்தேன். லிஸ்டுல பேரு இருக்கு, கட்டாயம் வரணும்னு கங்காணி சொல்லிட்டாரு. இவ பல்லேகல கார்மண்ட்ல இருந்து லீவுல வந்திருந்தா. வீட்டுக்கு ஒரு ஆள் போனா சரிதானே, நீங்க படுங்க அண்ணின்னு இவளே போயிட்டு வந்தா."

"அப்ப நான் கை நீட்டச் சொன்னப்ப ஏன் சொல்லல?"

"மிஸ்ஸே சேரும்னு சொல்றீங்களே, சேருமாக்கும்னு நெனச்சேன்."

மலைநாடெல்லாம் சலித்து நான் வைத்திருந்த ஒரே நம்பிக்கை, உள்ளே கட்டிலில் கிடந்தவளேதான். அவளுக்குக் கொடுக்க அவளுடைய ரத்தத்தையே நான் தேடிக்கொண்டு வந்திருக்கிறேன். டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் பகல் சோற்று நேரத்தில் அவள் செத்துப்போனாள். புருஷன் வந்து பார்த்துவிட்டார், அது ஒன்றுதான். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஒரு சக ஊழியர் எனக்கு ஆறுதல் சொன்னார். யானை சறுக்கினால் யானைதான் விழும், இங்கே விழுந்தது வேறொருத்தி என்று அவரிடம் பாய்ந்தேன். அதன் பிறகு யாரும் ஆறுதல் சொல்ல வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அண்ணி பிள்ளையைக் கிளினிக்குக் காட்டிவிட்டு, அப்படியே எங்கள் ஆய்வுகூடத்துக்கும் வந்தார். பிள்ளையை இனி அவர்தான் வளர்க்கப்போகிறார். பெண் பிள்ளை, நல்ல கனம், என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அண்ணி பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தார். தன் பெயருக்கு வந்ததென்று, ஈரம் படாமல் பொலித்தீன் உறைக்குள் போட்டு, அலுமாரியில் பிறப்புச் சான்றிதழ்களோடு பத்திரமாக வைத்திருந்தாராம்.

"இது எனக்குரியது இல்லையே மிஸ். திருப்பித் தந்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். பிறகு பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டே கேட்டார். "இத அவகிட்ட குடுத்திருந்தா ஏதாச்சும் ஆயிருக்குமா?"

"ஒன்னும் ஆயிருக்காது" என்றேன். என் வேலையில் நான் அறிந்து சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அவர் நம்பிவிட்டார். முகம் கொஞ்சம் தெளிந்தது. "அன்னைக்கு ரத்தம் குடுத்துட்டு வந்து ஒரே சிரிப்பு மிஸ் அவளுக்கு" என்றார். "என்ன பேரு சொல்றதுன்னு பயந்துக்கிட்டே போனாளாம். அந்த மிஸ்ஸே ஒங்க பேர வாசிச்சுட்டாங்க அண்ணி, நான் ஆமான்னு மட்டும்தான் சொன்னேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா."

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் உறையிலிருந்து அட்டையை எடுத்தேன். மை கொஞ்சமும் மங்கவில்லை. என் கையெழுத்துத்தான், கடைசி வரிக்குக் கீழே கோடு வேறு இழுத்திருந்தேன்: கர்ப்பமானால் உடனே எங்களுக்குச் சொல்லுங்கள்.