நாலு அறை கேட்ட மைதானம்

மைதானக் காவலாளி வேலையில் புல் வளர்ந்தாலும் திட்டு, வளராவிட்டாலும் திட்டு. அலுவலகப் படியேறிக் கால் கடுத்தவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும். பல நாடுகள் ஆடும் உதைபந்தாட்டப் போட்டிக்குக் கண்டிப் பக்கம் மைதானம் தேடினார்கள். வத்தேகமப் பக்கமிருக்கும் எங்கள் மைதானமும் பட்டியலில் ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

விரித்த புல்

எங்கள் மைதானத்தின் நட்டநடுவில் கிரிக்கெட்டுக்குப் போட்ட கொங்கிறீட் பட்டை ஒன்று உண்டு. உதைபந்து ஆடுகிறவர்கள் அதில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொள்வது வழக்கம். பார்வையிட வருவதற்கு முதல் நாள், ஓடைக்கரையில் புல்லை மண்ணோடு வெட்டிவந்து அதன்மேல் பரப்பினேன். எனக்கே அடையாளம் தெரியவில்லை.

வந்த எஞ்சினியர் யாழ்ப்பாணத்துக்காரர். நடு மைதானத்தில் குடையை ஊன்றினார். ‘டங்’ என்றது. குனிந்து, புல்லைப் பாய் மாதிரி ஓரத்தில் தூக்கிப் பார்த்தார்.

“தம்பி, இது முளைச்ச புல்லோ, விரிச்ச புல்லோ?”

முதல் ரசிகர்

ரசிகர்கள் உட்கார இடம் எங்கே என்று கேட்டார். மண்மேட்டைக் காட்டினேன். ஏறி இறங்கியவரின் காலுறை இரத்தமாக இருந்தது, அட்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மழை விட்ட மறுநாள், அட்டைகளுக்குக் கொண்டாட்டம். எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், எங்கள் நானா, உப்போடு ஓடிவந்தார்.

“சேர், ஆக்கள் இருக்க எடமில்லண்டு மட்டும் எழுதாதீங்க, மொத ஆள் வந்து ஒக்காந்திட்டாரு!”

அறை

எஞ்சினியர் தந்த பட்டியலில் மின்விளக்கு, ரசிகர்கள் உட்காரக் கதிரை, வடிகால், பிரமுகர் மேடை எல்லாம் இருந்தன. கடைசியில், குளியலறையோடு உடுப்பு மாற்ற நாலு அறை. அந்த வரியை மட்டும் நான் மூன்று தடவை வாசித்தேன்.

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துப் பெண்பிள்ளைகளின் உதைபந்து அணி சனிக்கிழமைகளில் இங்கேதான் பழகுகிறது. உடுப்பு மாற்ற இடமில்லாததால் சேற்றோடுதான் பஸ் ஏறப் போவார்கள். சீற் அழுக்காகும் என்று கண்டக்டர்கள் ஏற்றமாட்டார்கள். போன மாதம் இரண்டு பிள்ளைகள் வெட்கப்பட்டு வருவதையே நிறுத்திவிட்டார்கள். போட்டி எங்கேயாவது போகட்டும், அந்த அறை வந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. பட்டியலைக் காட்டியதும் அணித்தலைவி கேட்டாள்.

“அண்ணே, நாலுல ஒன்னு எங்களுக்குத் தருவாங்கதானே?”

தருவார்கள் என்றேன். என் நாக்கை அறுக்க வேண்டும்.

மேடை

மைதானத்தைத் திருத்த வந்த பணத்தில் பிரமுகர் மேடையைத்தான் முதலில் கட்டினார்கள். மேடை முடிந்த வாரமே கடிதம் வந்தது: எங்கள் மைதானம் தெரிவாகவில்லை. மேடைக்குப் பூட்டுப் போட்டு, திறப்பை அலுவலக ஆணியில் மாட்டிவிட்டார்கள். அறையெல்லாம் காகிதத்தோடு சரி.

அந்தச் சனிக்கிழமை பிள்ளைகளுக்கு முகம் கொடுக்க முடியாமல் ஒதுங்கி நின்றேன். அவர்களோ, தாய்மார் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சீலைகளைக் கொண்டுவந்திருந்தார்கள். மேடையின் பின்சுவரோடு ஒட்டி அவற்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருத்தியாக உள்ளே போய் மாற்றினார்கள். என்னைக் கண்டதும் அணித்தலைவி கூப்பிட்டுச் சொன்னாள்.

“மூனு பக்கம் புடிச்சா போதும்ணே, ஒரு பக்கம் அவங்க செவுரு கட்டிக் குடுத்துட்டாங்க!”

சர்வதேசப் போட்டிக்கு உங்கள் மைதானம் எந்த அளவில் இருக்கிறது என்று யாராவது கேட்டால், கால்வாசி வேலை முடிந்துவிட்டது என்றுதான் இப்போது சொல்லிவருகிறேன்.