குளத்துக்குச் சீமெந்து பூசினார்கள்

ஐப்பசியின் முதல் மழை விழுந்ததும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள குளத்தில் தவளைகள் போடும் கூச்சல் கொஞ்சநஞ்சமல்ல. வருடா வருடம் குடையும் கையுமாகக் கரையில் நின்று அதைப் போனில் பதிவுசெய்வேன். "உங்களுக்கு விசர்" என்பாள் மனைவி. பைத்தியம்தான். பதிவைக் கனடாவில் இருக்கும் அண்ணைக்கு அனுப்புவேன். பனிக்காலத்தில் கார் ஓட்டும்போது போட்டுக் கேட்பாராம்.

போன வருடம் அதே அண்ணை தலைவராக இருக்கும் கனடா ஊர்ச்சங்கம் குளத்தை அழகுபடுத்தக் காசு அனுப்பியது. பெக்கோ இயந்திரம் வந்து தாழம்புதரையும் கோரையையும் சேற்றையும் வழித்தெடுத்தது. நாலு பக்கமும் செங்குத்தாகச் சீமெந்துச் சுவர் எழும்பத் தொடங்கியது. உள்ளே விழும் தவளை ஏற வழியில்லை.

அண்ணையைப் போனில் பிடித்தேன். "ஒரு பக்கத்தையெண்டாலும் மண்கரையாய் விடச் சொல்லுங்கோ அண்ணை. தவளையள் எங்கை போறது?"

"சும்மா அலட்டாதை. சனம் காசு தந்தது தவளைக்கோ? பாக்க வடிவாய் இருக்க வேணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டேன்.

திறப்புவிழாவுக்கு மேளம், பொன்னாடை, கல்வெட்டு எல்லாம் இருந்தன. நான் போகவில்லை. பிறகு சங்கத்தார் இணையத்தில் போட்ட வீடியோவைப் பார்த்தேன். பளபளக்கும் சுவர், வண்ணக் கல் பதித்த நடைபாதை, பின்னணியில் தவளைச் சத்தம். என்னுடைய பழைய பதிவு! அண்ணைதான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். "எங்கடை குளம் அப்பிடியே உயிரோடை இருக்கு" என்று கீழே யாரோ எழுதியிருந்தார். கொன்றுவிட்டு அதன் குரலையே போட்டுக் காட்டுகிறார்களே, இவர்களுக்கு வெட்கம் என்று ஒன்று கிடையாதா?

இந்த ஐப்பசியிலும் மழை பெய்தது. வழக்கம்போலக் குடையோடு போய் நின்றேன். ஒரேயொரு தவளையாவது கத்தாதா என்று கால் கடுக்கக் காத்திருந்தேன். சீமெந்தில் தண்ணீர் வழியும் சத்தம் மட்டும் கேட்டது. அதையே பதிவுசெய்து, ஒரு சொல்லும் எழுதாமல் அண்ணைக்கு அனுப்பினேன். கேட்டுவிட்டுக் குறுகிப்போகட்டும் என்று வயிறெரிந்துதான் அனுப்பினேன்.

மறுநாள் அவரே போனில் அழைத்தார்.

"என்னடா, தண்ணிச் சத்தம் மட்டுந்தான் கேக்குது. உன்ரை போன் பழுதாப் போச்சுது போலை. அடுத்த மாதம் இஞ்சையிருந்து ஒராள் வருது, நல்ல மைக் ஒண்டு குடுத்து விடுறன்."